ஆற்றங்கரை ஊரில் வாகனம் ஓட்டப் பழகுதல்: திருகோணமலை மாவட்டத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கலக்கும் பகுதியிலும், அதன் கிளையான வெருகலாற்றின் கரைகளிலும் உள்ள ஊர்களுக்கு ஆசிரியராகவோ தாதியாகவோ மாற்றலாகி வருபவர்களும், திருமணமாகி வருபவர்களும், நீண்ட காலம் வெளியிடத்தில் இருந்துவிட்டுச் சொந்தக் காணிக்குத் திரும்புபவர்களும் வந்த சில வாரங்களிலேயே வாகனம் ஓட்டப் பழக வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வைத்தியசாலை, வங்கி, பிள்ளைகளின் மேல்வகுப்புப் பாடசாலை எல்லாம் மூதூரிலோ கிண்ணியாவிலோ திருகோணமலை நகரிலோதான் இருக்கின்றன. பஸ் வரும் நேரத்துக்கு ஏற்பவே வீட்டு வேலைகளைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. இரவில் ஒருவருக்கு நோய் கண்டால் அயல்வீட்டுக்காரரின் வாகனத்தைத்தான் நம்ப வேண்டும்.

இந்தப் பகுதியில் நீரைக் கடக்கும் வசதியும் அண்மைக் காலத்தில்தான் வந்தது. 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும் வரை மிதவையில் ஏறித்தான் அந்த நீர்ப்பரப்பைக் கடக்க வேண்டியிருந்தது. அதன் பின் மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ15 வீதியில் மற்றப் பாலங்களும் அமைந்து, வீதியும் தாரிட்டுச் சீராகியது. அதனால் பயணம் எளிதாயிற்று. ஆனால் மிதவைக்காக வரிசையில் நின்ற வாகனங்கள் இப்போது நிற்காமல் வேகமாக ஓடுகின்றன, புதிதாகப் பழகுபவரும் அதே வீதியில்தான் இறங்க வேண்டும். ஆகவே பரீட்சையில் சித்தியடையச் செய்யும் ஒருவரைத் தேடுவதோடு நின்றுவிடாமல், உங்கள் ஊரின் மதகிலும் அணைக்கட்டிலும் மாட்டுப் பட்டியின் நடுவிலும் உங்களை ஓட்ட வைத்துப் பழக்கும் ஒருவரைத் தேடுங்கள் என்பதே இக்கட்டுரையின் அடிப்படை ஆலோசனை.

எந்த வாகனம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

சாரதி அனுமதிப்பத்திரம் வாகன வகைகளின்படி வழங்கப்படுகிறது. 100 சிசி வரையான இலகு மோட்டார் சைக்கிளுக்கு ஏ1, அதற்கு மேற்பட்டதற்கு ஏ, முச்சக்கர வண்டிக்கு பி1, கார், வான் போன்ற இலகு வாகனங்களுக்கு பி என்று பிரிவுகள் உள்ளன. ஊர்களில் பலர் கவனிக்கத் தவறும் ஒரு பிரிவு ஜி1. லேண்ட்மாஸ்டர் என்று நாம் அழைக்கும் இரண்டு சில்லு உழவு இயந்திரம் அதில்தான் அடங்கும். வயல் செய்யும் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தவராயின், அறுவடைக் காலத்தில் பெட்டியில் நெல் மூட்டைகளை ஏற்றி வீதிக்கு வருவதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

இந்த வகைகளுக்குரிய அனுமதிப்பத்திரத்தைப் பெற 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரே விண்ணப்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளைக் கேட்கலாம். ஸ்கூட்டி மட்டும் போதும் என்று எண்ணுபவர்களுக்கும் இலகு வாகனத்தைச் சேர்த்தே விண்ணப்பிக்கும்படி நான் சொல்வதுண்டு. மழைக்காலத்தில் கைக்குழந்தையோடு இருசக்கர வண்டியில் போக முடியாத நாள் வரும்போது, மீண்டும் முதலிலிருந்து அலுவலகங்களுக்கு அலைவது பெரும் சுமையாக இருக்கும்.

கார் பழகுபவர்கள் இன்னொன்றையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். தானியங்கிக் கியர் வாகனத்தில் செய்முறைப் பரீட்சைக்குத் தோற்றினால், அத்தகைய வாகனத்தை மட்டுமே ஓட்டலாம் என்ற கட்டுப்பாட்டுடன் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். நம் ஊர்களில் அவசரத்துக்குக் கிடைக்கும் வாகனம் பெரும்பாலும் யாரோ ஒருவரின் பழைய வானாகவோ பட்டா லொறியாகவோ இருக்கும், அதில் கைக்கியர்தான் இருக்கும். ஆகவே சற்றுச் சிரமமானாலும் கைக்கியரிலேயே பழகுவது நல்லது.

பத்திர வேலைகள்

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம் திருகோணமலை நகரில் உள்ளது. அங்கு செல்லுமுன் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தின் மருத்துவச் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும். அதற்கு முன்பதிவு செய்துகொண்டு அதிகாலையிலேயே புறப்படுங்கள். கண்ணாடி அணிபவர்கள் அதை எடுத்துச் செல்ல மறக்கக் கூடாது, ஏனெனில் பார்வைச் சோதனை அதன் முக்கிய பகுதி. தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இவற்றின் பிரதிகள் ஆகியவற்றை ஒரு கோப்பில் ஒழுங்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இடப்பெயர்வுகளாலும் வெள்ளத்தாலும் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் இப்பகுதியில் ஏராளம். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் அதன் பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். அதிலுள்ள பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒத்திருக்கின்றனவா என்பதை வீட்டிலேயே எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். தந்தை பெயரின் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கேள்வி எழும், அதைத் திருத்தி முடிக்கும் வரை மற்ற எல்லாம் தள்ளிப்போகும்.

எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். பல விடைகளிலிருந்து சரியானதைத் தெரிவுசெய்யும் 40 வினாக்கள் வரும், அவற்றில் 30க்குச் சரியான விடையளித்தால் சித்தி. வீதிச் சமிக்ஞைகளை உருவத்தை மட்டும் பார்த்து மனனம் செய்யாமல், அவற்றின் நிறத்தையும் வடிவத்தையும் கொண்டு வகைப்படுத்திப் படித்தால் குழப்பம் வராது. மஞ்சள் நிறச் சாய்சதுரம் ஆபத்தை முன்னறிவிக்கிறது, சிவப்பு வட்டம் தடை செய்கிறது, நீல வட்டம் கட்டாயமாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. சுற்றுவட்டத்தில் வலப்புறமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்ற விதியைப் படிக்கும்போதே நகரில் ஒரு சுற்றுவட்டத்தின் அருகே கால் மணி நேரம் நின்று பார்த்தால், புத்தகத்தில் பத்து முறை வாசிப்பதை விடத் தெளிவாக விளங்கும்.

எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்தவருக்குப் பயிலுநர் அனுமதிப்பத்திரம் வழங்கப்படும். அது கையில் இல்லாமல் பொது வீதியில் ஒரு மீற்றர் தூரமும் ஓட்டக் கூடாது. ஊர் ஒழுங்கையும் பொது வீதிதான். பத்திரத்திலேயே காலாவதித் திகதி அச்சிடப்பட்டிருக்கும், அதை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாகனத்தின் முன்னும் பின்னும் எல் பலகை தெரிய வேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். இங்கே ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும், தை பிறந்த பின்பும் தாழ்ந்த இடங்களில் நீர் வடிந்திராது. மாசி பங்குனியில் பெரும்போக அறுவடை நடக்கும், அப்போது வீதியெங்கும் உழவு இயந்திரங்களாக இருக்கும். ஆகவே தையில் பத்திர வேலையைத் தொடங்கினால், நிலம் காய்ந்து வீதி ஓரளவு வெறிச்சோடும் சித்திரைக்குப் பின் நிதானமாக ஸ்டியரிங்கைப் பிடிக்கலாம்.

பயிற்றுநரைத் தேடுவது எப்படி

எங்கள் பக்கத்தில் சாரதிப் பயிற்சி நிலையத்தை எல்லோரும் லேர்னர்ஸ் என்றே சொல்வார்கள். அலுவலகம் நகரிலோ மூதூர், கிண்ணியா போன்ற சிறு நகரங்களிலோ இருக்கும். கிராமத்துக்கு வாகனத்தைக் கொண்டுவந்து கற்றுக்கொடுப்பவர்கள் சிலர் உண்டு, ஒரு சந்தியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கேயே இறக்கிவிடுபவர்களும் உண்டு. விளம்பரப் பலகையைப் பார்த்துத் தீர்மானிக்காமல், கடந்த ஓராண்டுக்குள் பழகி முடித்தவர்களிடம் விசாரியுங்கள். இருபது ஆண்டாக ஓட்டுபவருக்கு இன்று யார் எப்படிக் கற்பிக்கிறார் என்பது தெரிந்திருக்காது. பாடசாலைக்கு ஸ்கூட்டியில் வரும் இளம் ஆசிரியைகளும், ஊருக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரும், கூட்டுறவுக் கடையில் வேலை செய்பவர்களும் இதில் நல்ல வழிகாட்டிகள். அவர்களிடம் "எத்தனை நாளில் லைசன் கிடைத்தது?" என்று கேட்காமல், "தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் நாள் எங்கே பயம் வந்தது?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலில் அவர்களுக்கு எது கற்பிக்கப்படவில்லை என்பது தெரிந்துவிடும்.

பெயர் கிடைத்ததும் நேரில் சென்று பேசுங்கள். வயதுக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப அண்ணா என்றோ நானா என்றோ மாஸ்டர் என்றோ அழைத்துப் பேசுவது இயல்பாக இருக்கும். அந்த மரியாதைக்குக் குறைவு வராமலே சில விடயங்களைத் தெளிவாகக் கேட்டுவிட வேண்டும். கட்டணம் பெற்றுக் கற்பிப்பவரிடம் திணைக்களம் வழங்கிய போதனாசிரியர் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. நேர்மையானவர்கள் கேட்குமுன்பே எடுத்துக் காட்டுவார்கள். பயிற்சி வாகனத்தில் பயிற்றுநரின் கால்களுக்கு எட்டும்படி இரண்டாவது பிறேக் பொருத்தப்பட்டிருக்கிறதா, காப்புறுதி பயிலுநர் ஓட்டும்போதும் செல்லுபடியாகுமா, வருமான அனுமதிப்பத்திரம் காலாவதியாகாமல் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பவற்றை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது முழுத்தொகை என்ன என்பதை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். அதில் மருத்துவச் சான்றிதழ், பரீட்சைக் கட்டணம் போன்ற அரச கட்டணங்கள் அடங்குமா, பரீட்சை நாளில் வாகனத்தைத் தருவதற்குத் தனியாக அறவிடப்படுமா, முதல் தடவை சித்தியடையாவிட்டால் மேலதிகப் பாடத்துக்கு எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். செலுத்தும் ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு என்பது. ஒரே வானில் நான்கைந்து பேரை ஏற்றி, ஒருவருக்குப் பத்து நிமிடம் கொடுத்து, மிகுதி நேரம் பின் இருக்கையில் உட்கார வைக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. இரண்டு மணி நேரப் பாடம் என்று கணக்கில் எழுதப்பட்டாலும் உண்மையில் ஓட்டியது மிகச் சொற்பமாக இருக்கும். மற்றவர் ஓட்டுவதைப் பார்ப்பதிலும் பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை, ஆயினும் கால்கள் கிளச்சைப் பழகுவது கிளச்சின் மேல் இருக்கும்போதுதான். இருவருக்கு மேல் ஏற்றாத பாடங்களைக் கேளுங்கள், அதற்குச் சற்றுக் கூடுதலாகச் செலவானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். வேறெதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் பார்க்க வேண்டாம்.

இன்னும் இரண்டு கேள்விகள் நம் ஊருக்கே உரியவை. "என் வீட்டுக்குப் போகும் வீதியில் என்னை ஓட்ட வைப்பீர்களா?" என்பது ஒன்று, "இருட்டிய பிறகும் மழை நாளிலும் ஒவ்வொரு பாடம் தருவீர்களா?" என்பது மற்றொன்று. அகலமான பிரதான வீதியிலும் பரீட்சை நடக்கும் தெருக்களிலும் மட்டுமே ஓட்டுவோம் என்று சொல்பவர், உங்களைப் பரீட்சைக்குத் தயார்ப்படுத்துவார், அவ்வளவுதான்.

பெண்களுக்குப் பெண் பயிற்றுநர் வேண்டுமென்றால் அதைத் தயங்காமல் கேளுங்கள். அவர் கிடைக்காத இடத்தில், தெரிந்த இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஒரே நேரத்தில் பதிவுசெய்வது பலர் கைக்கொள்ளும் நல்ல வழி. கற்பிப்பவர் சத்தமிட்டுத் திட்டினாலோ தேவையின்றிக் கையைப் பிடித்தாலோ அன்றோடு நிறுத்திவிடுங்கள், கட்டிய பணத்தை நினைத்துப் பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பரீட்சைக்கே போகாமல் அனுமதிப்பத்திரம் எடுத்துத் தருவதாகச் சொல்லும் தரகர்களின் பக்கமும் போக வேண்டாம். அது குற்றம் என்பதோடு, ஓட்டத் தெரியாத ஒருவரைப் பாடசாலைப் பிள்ளைகள் நடந்துபோகும் வீதிக்கு அனுப்பும் செயலும் ஆகும்.

முதல் பாடங்கள்

தொடக்கப் பாடங்களை விளையாட்டு மைதானம் போன்ற திறந்த வெளியில் வைத்துக்கொள்வது நல்லது. இருக்கையை முன்பின் நகர்த்தி, கிளச்சை அடிவரை மிதித்த பின்பும் முழங்கால் சற்று மடிந்திருக்கும்படி அமருங்கள். மூன்று கண்ணாடிகளையும் திருத்தி, பட்டியை மாட்டுங்கள். இந்த ஒழுங்கை ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் செய்தால் சில நாட்களில் கை தானாகவே போகும்.

இங்குள்ள பயிற்றுநர்கள் பெலன்ஸ் என்று சொல்வது கிளச் பிடிக்கத் தொடங்கும் அந்த ஒற்றைப் புள்ளியை. ஹேண்ட் பிறேக்கைப் போட்டபடியே முதல் கியருக்கு மாற்றி, வலது காலை அக்சிலரேட்டரில் மெல்ல வைத்து, இடது காலை மிக மெதுவாக உயர்த்துங்கள். இயந்திரத்தின் ஒலி ஒரு கட்டத்தில் சற்றே தாழும், வாகனத்தின் மூக்கு சிறிது எழும், ஸ்டியரிங்கில் நடுக்கம் தெரியும். காலை அங்கேயே நிறுத்தி ஐந்து வரை எண்ணிவிட்டு மீண்டும் முழுவதும் மிதியுங்கள். நகராமலே இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். இது காலில் பதிந்துவிட்டால் பின்னர் மாட்டு மந்தை நடுவில் அங்குலம் அங்குலமாக ஊர்வதும், ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதும் பாதி கற்றதற்குச் சமம்.

ஏற்றத்தைப் பொறுத்தவரை ஆற்றங்கரைக் காரருக்கு ஒரு குறை உண்டு. நிலமெல்லாம் வயலும் சமவெளியுமாக இருப்பதால் மலையேற்றம் என்று சொல்லத்தக்க வீதி அருகில் கிடைப்பதில்லை. பாலத்தின் ஏறுமுகத்தில் நிறுத்திப் பழகலாமே என்று சிலர் கருதுகிறார்கள், அது மிகத் தவறு. பின்னால் வரும் பஸ்ஸுக்குப் பாலத்தின் மறுபக்கம் தெரியாது. நகருக்கு வரும் ஒரு நாளில் உவர்மலையின் சாய்வான தெருக்களுக்கு அழைத்துப் போகும்படி பயிற்றுநரிடம் கேளுங்கள். ஹேண்ட் பிறேக்கை இழுத்து, பெலன்ஸைப் பிடித்து, வாகனம் முன்னே தள்ளுவதை உணர்ந்த பின்பே பிறேக்கை விடும் முறையை அங்கே பயமின்றிப் பழகலாம். நகருக்கு வந்ததோடு சேர்த்து, புள்ளிமான்கள் வீதியைக் கடக்கும் கோட்டைப் பக்கத்தில் வேகத்தை எப்படி அடக்குவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மான் ஒன்று கடந்தால் அடுத்ததும் பின்னால் வரும்.

நம் வீதிகளில் தனியே கற்க வேண்டியவை

அணைக்கட்டின் மேலும் வாய்க்கால் ஓரத்திலும் போகும் கிரவல் பாதையில், ஓரத்து மண் பார்க்க உறுதியாகத் தெரிந்தாலும் மழைக்குப் பின் உள்ளே இளகியிருக்கும். எதிரே உழவு இயந்திரம் வந்தால் ஓரமாக ஒதுங்க முயலாமல், அகலமான இடம் எது என்பதை முன்பே பார்த்து வைத்து அங்கே காத்திருங்கள், அல்லது அதுவரை பின்னோக்கி ஓட்டிச் செல்லுங்கள். இதனால்தான் பின்னோக்கி நேராக ஓட்டுவதைப் பரீட்சைக்குத் தேவையான அளவோடு நிறுத்தாமல், நூறு மீற்றராவது ஓட்டிப் பழக வேண்டும் என்கிறேன்.

மகாவலியில் மணல் ஏற்றிவரும் டிப்பர்கள் இந்த வீதிகளில் நாள்தோறும் ஓடுகின்றன. ஈர மணலிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே போகும், திருப்பங்களில் மணலும் சிந்தும். காய்ந்த பின் அது தாரின் நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தெரியாது. மோட்டார் சைக்கிளில் வருபவர் அந்த மணலின் மேல் வண்டியைச் சரித்தபடி முன் பிறேக்கைப் பிடித்தால் முன் சில்லு வழுக்கிவிடும். திருப்பத்துக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாலத்தின் மேல் ஏறியதும் பக்கவாட்டில் அடிக்கும் காற்றும் ஸ்கூட்டி ஓட்டுபவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பெரிய வாகனம் ஒன்று கடந்து செல்லும் கணத்தில் காற்று மறைந்து, உடனே மீண்டும் தள்ளும். கைகளை விறைப்பாக்காமல் வேகத்தைத் தணித்து இடப்பக்கத்தின் நடுவில் செல்லுங்கள்.

மாடுகள் மாலையில் சூடான தாரில் படுத்துக்கொள்ளும். கறுப்பு எருமை இருட்டில் விளக்கு வெளிச்சத்துக்கும் தாமதமாகவே தெரியும். எதிர் வாகனத்தின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும்போது, அந்த வெளிச்சத்துக்கும் உங்களுக்கும் இடையே ஏதோ ஒன்று நிற்கிறது என்று எண்ணியே வேகத்தைக் குறைக்க வேண்டும். பின் விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டியும் இப்படித்தான் திடீரென முன்னே தோன்றும். அறுவடைக் காலத்தில் வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருப்பார்கள், அதைச் சுற்றிக் கற்கள் வைக்கப்பட்டிருக்கும். வைகாசி, ஆனி மாதங்களில் கதிர்காமத்துக்குப் பாத யாத்திரையாகச் செல்லும் அடியார்கள் வடக்கிலிருந்து வெருகல் வழியாக நடந்து வருவார்கள், அவர்கள் விடியற்காலையிலேயே நடக்கத் தொடங்குவார்கள் என்பதால் அந்த நேரத்தில் வீதியோரத்தைக் கூர்ந்து பாருங்கள். கந்தளாய்ப் பக்கமும் சேருவில பக்கமும் காட்டு யானைகள் வீதிக்கு வரும். யானையைக் கண்டால் ஹோன் அடிக்காமல், விளக்கை மின்ன விடாமல், தொலைவிலேயே நிறுத்தி, அது கடந்து போகும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

கட்டிடங்கள் நெருங்கிய பகுதியில் காருக்கு மணிக்கு 50 கிலோமீற்றரும், வெளியில் 70 கிலோமீற்றரும் உச்ச வேகம் என்பது சட்டம். மேலே சொன்ன வீதிகளில் பழகுநர் அந்த எல்லையை எட்ட வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை.

இனி வெள்ளம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகியதை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, புதிதாக வந்தவர்களுக்கு விளக்கியே ஆக வேண்டும். சப்பாத்துப் பாலத்தின் (வெள்ளம் மேலால் பாயும்படி தாழ்வாகக் கட்டிய பாலத்தின்) மேல் நீர் ஓடிக்கொண்டிருந்தால் அதன் ஆழத்தை மேலிருந்து கணிக்க முடியாது, அடியில் தார் அரித்துப் போயிருக்கிறதா என்பதும் தெரியாது. ஓடும் நீர் 30 சென்ரிமீற்றர் ஆழம் இருந்தாலே சிறிய காரை மிதக்கச் செய்து ஓரத்துக்குத் தள்ளும் வலிமை கொண்டது, 60 சென்ரிமீற்றரில் பெரும்பாலான வாகனங்களையே இழுத்துச் சென்றுவிடும். ஆகவே ஓடும் நீரில் இறங்கவே கூடாது. முன்னால் ஒரு பஸ் போய்விட்டது என்பதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள், அதன் எடை வேறு, உயரம் வேறு. குளம் நிரம்பி வான் பாய்வதாகவோ (மிகுதி நீர் வழிந்தோடுவதாகவோ) வான்கதவு திறப்பதாகவோ அறிவித்தல் வந்தால் பயணத்தையே ஒத்திவையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தில் நிலைமையைக் கேட்டறியலாம்.

ஓடாமல் தேங்கி நிற்கும் ஆழமற்ற நீரை மட்டும், அதன் அடியைத் தெரிந்தவர்கள் கடக்கலாம். முதல் கியரில், வீதியின் நடுவே, ஒரே சீரான வேகத்தில், இடையில் கியர் மாற்றாமல் செல்லுங்கள். வெளியே வந்ததும் பிறேக்கைப் பலமுறை இலேசாக மிதித்து ஈரத்தை உலர்த்த வேண்டும், ஈரமான பிறேக் முதல் மிதியில் பிடிக்காது. நீரின் நடுவே இயந்திரம் நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம். உள்ளே நீர் புகுந்திருந்தால் அந்த ஒரு முயற்சியிலேயே இயந்திரம் முழுதாகப் பழுதாகிவிடும். இறங்கி, ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளுங்கள்.

பரீட்சையும் அதன் பின்னரும்

செய்முறைப் பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்கு பழகியவருக்கு அது கடினமானதன்று. மோட்டார் சைக்கிளுக்கு எட்டு வடிவில் கால் ஊன்றாமல் ஓட்டிக் காட்ட வேண்டும், அதில் பார்வையைச் சில்லின் மேல் வைக்காமல் போக வேண்டிய திசையில் வைத்தால் வண்டி சீராகத் திரும்பும். தலைக்கவசத்தின் பட்டியை மாட்டுவதையும் சிக்னல் போடுவதையும் கண்ணாடி பார்ப்பதையும் பரீட்சகர் கவனிப்பார். பரீட்சைக்கு முந்திய நாள், அன்று ஓட்டப்போகும் அதே வாகனத்தில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சித்தியடையாவிட்டால் என்ன பிழை என்பதை மரியாதையாகக் கேட்டு, அதை மட்டும் பழகிக்கொண்டு மீண்டும் தோற்றலாம்.

அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பின்னரே நான் மேலே சொன்ன மழை நாள் பாடத்துக்கும் இரவுப் பாடத்துக்கும் உண்மையான பயன் உண்டு, ஏனெனில் அப்போது நீங்கள் உங்கள் சொந்த வாகனத்தில், உங்கள் வீதியில் ஓட்டுவீர்கள். பயிற்றுநருக்கு ஒரு நாள் கட்டணம் கொடுத்து அருகில் அமரச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து அண்மையிலுள்ள ஆதார வைத்தியசாலை வரை இருட்டில் ஒரு முறை போய் வாருங்கள். எந்த மதகில் வீதி குறுகுகிறது, எந்த வளைவில் மாடுகள் படுக்கின்றன, வெள்ளம் வந்தால் எந்த மாற்று வழி மேடாக இருக்கிறது என்பவற்றை அந்தப் பயணத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலக்கத்தையும் 119 பொலிஸ் அவசர இலக்கத்தையும் தொலைபேசியில் பதிந்து வையுங்கள். ஐப்பசிக்கு முன் ரயர்களின் பூவையும் வைப்பரையும் பிறேக்கையும் ஒரு கராஜில் காட்டிச் சரிபார்த்து, அடைமழைக் காலத்தில் வாகனத்தை நிறுத்தி வைக்க மேட்டு நிலத்தில் ஓர் இடத்தை அயலாரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.